சீடர் பெயரும் எழுதிய ஓவியர்

வீட்டில் தாத்தா காலத்துச் சாமி படம் இருக்கிறதா? அதன் ஓரத்தைப் பாருங்கள். கொண்டையராஜு என்ற பெயர் இருக்கலாம்.

1898-ல் பிறந்த இவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் தங்கினார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலைகள் தீட்டினார். அன்றைய நெல்லை மாவட்டத்துக் கோவில்பட்டிக்கு வந்தபோது கம்பெனி கலைந்தது. ராஜு அங்கேயே தங்கிவிட்டார்.

ஸ்டூடியோவே வீடு

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தேவி ஆர்ட் ஸ்டூடியோவே வீடு, சீடர்களே குடும்பம். குருவும் சீடரும் ஒரே படத்தில் வேலை செய்தார்கள். அவை சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி, ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தன.

படம் முடிந்ததும் குரு தம் பெயரை மட்டும் போட்டிருக்கலாம். யார் கேட்பார்கள்? ஆனால் பல படங்களில் சீடர் சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது.

1976-ல் ராஜு மறைந்தார். அந்த இரண்டு பெயர்களும் இன்றும் பிரியவில்லை.