எள்ளலை வென்ற நகை: அறிஞர் அல்-ஜாஹிழ்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். நகை பிறக்கும் களங்கள் நான்கனுள் எள்ளலை முதலில் நிறுத்தியவரும் அவரே. அந்த எள்ளலுக்கு விளக்கம் வகுத்த உரையாசிரியர் பேராசிரியர், பிறரை நாம் எள்ளி நகுவதும், பிறர் நம்மை எள்ளுமிடத்து நாம் நகுவதும் என அதனை இரு கூறாக்கிக் காட்டுவார். முன்னது எவர்க்கும் கைவரும். பின்னது நெஞ்சுரம் உடையோர்க்கே இயலும்.

இன்று மேலைநாட்டு மேடைகளில் முஸ்லிம் நகைச்சுவையாளர் பலர், தம் பெயரையும் தோற்றத்தையும் கண்டு ஐயுறுவோர் முன்னிலையில் அந்த ஐயத்தையே நகைப்பொருளாக்கி வருவதை நாம் அறிவோம். இது புதுவழி என்று நினைப்பார் உளர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே இவ்வழியில் நடந்த பேரறிஞர் ஒருவர் பஸ்ராவில் வாழ்ந்தார். அவரே அரபு உரைநடையின் பெருவேந்தராகப் போற்றப்படும் அல்-ஜாஹிழ். அன்னாரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இவருடைய இயற்பெயர் அபூ உஸ்மான் அம்ரு இப்னு பஹ்ர் என்பதாகும். கி.பி. 776ஆம் ஆண்டை ஒட்டிப் பஸ்ராவில் பிறந்தார். இவர்தம் பாட்டனார் ஒட்டகம் ஓட்டிப் பிழைத்த கறுப்பினத்தவர் என்பது குடும்ப வழியாக வந்த செய்தி. கண்கள் முன்தள்டி நின்றமையால் ஊரார் ஜாஹிழ் என்று அழைத்தனர். துருத்திய விழியினர் என்பது அதன் பொருள். ஏளனமாக இட்ட அப்பெயரே பின்னாளில் உலகறிந்த புகழ்ப்பெயராயிற்று.

வறுமை இவரை இளமையிலேயே வாட்டியது. பஸ்ராவின் கால்வாய்க் கரையில் ரொட்டியும் மீனும் விற்றார். எனினும் கற்கும் வேட்கை தணியவில்லை. பள்ளிவாசலில் நடைபெறும் பாடங்களைக் கேட்பார். பாலைவன அரபிகள் வந்து கூடும் மிர்பத் சந்தையில் நின்று தூய அரபு மொழியைச் செவிமடுப்பார். அல்-அஸ்மயீ, அபூ உபைதா முதலிய மொழி வல்லுநர்களும், முஃதஸிலாக் கொள்கையினரான அந்-நழ்ழாமும் இவருக்கு ஆசிரியர்கள். புத்தகக் கடைகளை இரவில் வாடகைக்கு எடுத்து, விடியும்வரை படித்தார் என்றும் கூறுவர்.

இவருடைய அன்னையார் குறித்து ஒரு சுவையான செய்தி வழங்குகிறது. மகன் பொருளீட்டாமல் ஏடுகளையே சேர்ப்பது கண்டு மனம் சலித்த தாயார், ஒருநாள் உணவுத் தட்டில் உணவுக்குப் பதிலாக ஏடுகளை அடுக்கி வைத்தார். வாடிய முகத்தோடு பள்ளிவாசல் சென்ற இவருக்குச் செல்வர் ஒருவர் 50 தீனார் அளித்தார். மாவும் பிற பண்டங்களும் சுமையாட்களின் தோளேறி வீடு வந்து சேர்ந்தன. இவை எங்கிருந்து வந்தன என்று வியந்த அன்னைக்கு, அவர் தட்டில் வைத்த ஏடுகளிலிருந்தே வந்தன என்று மகன் விடை கூறினார்.

அரசவையில்

தலைமைப் பதவி குறித்து இவர் எழுதிய நூல் கலீபா மஃமூனின் பாராட்டைப் பெற, பக்தாத் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. வஸீர் இப்னுஸ் ஸய்யாத் இவரை ஆதரித்தார். கி.பி. 847இல் கலீபா முதவக்கில் ஆட்சிக்கு வந்ததும் அந்த வஸீர் அடுப்புப் போன்ற கொடிய கருவியில் வதைக்கப்பட்டு மாண்டார். ஜாஹிழ் ஊரைவிட்டு ஓடினார். ஓடியது ஏன் என்று பின்னர் வினவியபோது, அந்த அடுப்பில் இரண்டாம் ஆளாக இருக்கத் தமக்கு விருப்பமில்லை என்றாராம். விலங்கிட்டுக் காழி அஹ்மத் இப்னு அபீ துவாதின் முன் நிறுத்தப்பட்டபோதும் அவருடைய நாவன்மையே உயிரைக் காத்தது.

தம் தோற்றத்தை நகையாக்கியவர்

முதவக்கில் தம் மக்களுள் ஒருவர்க்கு ஆசிரியராக்கும் எண்ணத்துடன் இவரை அழைத்தார். முகத்தைக் கண்டதும் 10,000 திர்ஹம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இதனைப் பிறர் சொல்லி நாம் அறியவில்லை. ஜாஹிழே சொன்னதாக ஏடுகள் கூறுகின்றன. பெண்ணொருத்தி இவரைப் பொற்கொல்லரிடம் அழைத்துச் சென்று, இவரைப்போல் என்று மட்டும் சொல்லிவிட்டு அகன்ற கதையும் அத்தகையதே. கணையாழியில் ஷைத்தானின் உருவம் பொறிக்க அவள் விரும்பினாள் என்பதையும், மாதிரி இல்லாமல் இயலாது என்று தாம் கூறியதையும் பொற்கொல்லர் பின்னர் விளக்கினாராம். தன்னை நோக்கி வரும் அம்பைத் தானே கையிற் பிடித்துக் காட்டுவோனை எய்தவன் என் செய்வான்!

நிறச் செருக்குக்கு விடை

இவர் இயற்றியவை ஏறத்தாழ 200 நூல்கள் என்பர். ஏழு பாகங்கள் கொண்ட கிதாபுல் ஹயவானும், சொல்வன்மை கூறும் அல்-பயான் வத்-தப்யீனும் தலையாயவை. நம் பொருளுக்கு நெருங்கியது, வெள்ளையரைவிடக் கறுப்பருக்கு உள்ள பெருமைகளைப் பேசும் சிறு நூலாகும். அதில் லுக்மானையும் பிலால் (ரலி) அவர்களையும் முன்னிறுத்துகிறார். கஃபாவின் ஹஜருல் அஸ்வத் கறுப்பு. மணக்கும் கஸ்தூரி கறுப்பு. உறுதியான கருங்காலி கறுப்பு. உலகைக் காணும் கண்மணியும் கறுப்பு என்று அடுக்கிச் செல்கிறார். நிறம் என்பது நிலமும் வெப்பமும் தந்த இயல்பே அன்றித் தண்டனை அன்று என்று காரணமும் காட்டுகிறார். இந்திய மக்களையும் அவ்வரிசையில் சேர்த்து, அவர்தம் கணிதம், வானநூல், மருத்துவம், சதுரங்கம் ஆகியவற்றைப் புகழ்வது நமக்கு மகிழ்வூட்டுவதாகும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு செய்தி. அக்காலத்தில் அறிவிலிக்கு உவமையாகப் பள்ளி ஆசிரியரைச் சொல்லி நகுவது வழக்கம். ஜாஹிழும் அத்தகைய கதைகளைச் சொன்னவரே. ஆயினும் கிஸாயீ போன்ற பேரறிஞர்களும் ஆசிரியர்களாக இருந்திருக்க, அனைவரையும் எவ்வாறு மூடர் எனலாம் என்று அவரே தடுத்து வினவினார்.

கஞ்சர்களின் நூல்

இவர்தம் நகைச்சுவையின் கொடுமுடி கிதாபுல் புகலா என்னும் நூல். குராசானியர் சிலர் பணம் சேர்த்து விளக்கேற்றினராம். பங்கு தராத ஒருவன் வெளிச்சத்தை அனுபவித்துவிடக் கூடாதென்று, தாம் உறங்கும்வரை அவன் கண்களைத் துணியால் கட்டி வைத்தனராம். மர்வு நகரத்தான் ஒருவன் ஈராக்கியரின் விருந்தை ஆண்டுதோறும் உண்டவன். அந்த ஈராக்கியர் மர்வுக்கு வந்தபோது அவரைத் தெரியாதவன்போல் நின்றான். அவர் தலைப்பாகையைக் கழற்றினார், தொப்பியைக் கழற்றினார். உடம்பின் தோலையே கழற்றினாலும் அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டான் அவன்.

குராசானியரைக் கஞ்சர் என்பதும் ஓர் இனத்தின்மேல் சுமத்திய பழி அன்றோ என்று நாம் கேட்கலாம். அந்நூலில் பாரசீகரை இடித்துரைக்கும் நோக்கம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அவர் அங்கே நிற்கவில்லை. பஸ்ராப் பள்ளிவாசலில் கூடிச் சிக்கனம் பேசும் தம் ஊராரையும், தம் ஆசிரியர் அல்-அஸ்மயீயையும்கூட அதே வரிசையில் அமர்த்தினார். கஞ்சர்களுக்கும் நயமாக வாதாட நாவைக் கொடுத்தார். வேறு நூல்களிலோ, ஸன்ஜ் எனப்பட்ட கிழக்காப்பிரிக்க மக்களைப் பற்றி அக்காலத்தார் கூறிய இழிமொழிகள் அவர் ஏட்டிலும் இடம்பெற்றுள்ளன. பழியை எதிர்த்தவரும் பழியின் காற்றையே மூச்சாகக் கொண்டிருந்தார். இதையும் மறையாது சொல்லுதலே வரலாற்றுக்கு நாம் செய்யும் நேர்மை.

இறுதி நாள்கள்

பக்கவாதமும் மூட்டுநோயும் பற்ற, முதுமையில் பஸ்ரா திரும்பினார். ஹிஜ்ரி 255இல், அதாவது கி.பி. 868 முடிந்து 869 பிறக்கும் காலத்தில், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் மறைந்தார். அடுக்கிய நூல்கள் சரிந்து விழுந்து இறந்தார் என்பது பிற்காலத்தார் கூறும் கதை.

அதே ஹிஜ்ரி ஆண்டின் பிற்பகுதியில், பஸ்ராவை அடுத்த உவர்நிலங்களில் உப்புமண் வாரிய ஸன்ஜ் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 871இல் பஸ்ரா சூறையாடப்பட்டது. 883 வரை அப்போர் ஓயவில்லை. கறுப்பரின் பெருமையை நகையும் நயமும் கலந்து ஒருவர் எடுத்துரைத்த அதே ஊர், அதனைச் சுவைத்தது. ஆனால் தன் வயலில் உழைத்தவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவுரை

நகைச்சுவை ஆட்சியை மாற்றாது, விலங்கை அறுக்காது. ஆயினும் எதிரே நிற்பவனும் மனிதனே என்று நெஞ்சுக்கு உணர்த்தும் ஆற்றல் அதற்குண்டு. ஜாஹிழின் ஏட்டைப் படித்து நகுவோர் அந்த உணர்வை ஏட்டோடு மூடிவிடாமல் வீதிக்கும் கொண்டு செல்வாராயின், அந்த நகை பயன் பெறும். மாணவச் செல்வங்கள் பிறர் நிறத்தையோ, ஊரையோ, உருவத்தையோ எள்ள வாயெடுக்கும்போது, துருத்திய கண்களோடு நகைத்து நிற்கும் இப்பெரியாரை ஒருகணம் நினைத்துப் பார்ப்பாராக!