கை அளவுக்குக் கணக்குச் சொன்ன மீனாட்சி அம்மாள்

குழந்தைகளே, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் மாலை நேரத்தில் போயிருக்கிறீர்களா? ஷிப்ட் முடிந்ததும் தொழிற்சாலை வாசல்களில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியே வருவார்கள். அவர்களில் பலருக்கு இது சொந்த ஊர் இல்லை. வேலைக்காக எங்கிருந்தோ வந்தவர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

சமையல் தெரியாமல் வந்தவர் என்ன செய்வார்? ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன் போடுவார். சாம்பாருக்குப் புளி எவ்வளவு போட வேண்டும் என்று கேட்பார். கொஞ்சம் போடு, திட்டமாகப் போடு என்று அம்மா சொல்வார்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு? அங்கேதான் சிக்கல்! அம்மாவின் கைக்குத் தெரியும். ஆனால் அதை வாயால் சொல்ல வராது.

இந்தச் சிக்கலை எழுபது ஆண்டுகளுக்கும் முன்பே தீர்க்க முயன்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் எஸ்.மீனாட்சி அம்மாள். "சமைத்துப் பார்" என்ற புகழ்பெற்ற சமையல் புத்தகத்தை எழுதியவர்.

மீனாட்சி அம்மாள் 1905-ஆம் ஆண்டு பிறந்தார். அந்தக் காலத்துப் பெண்களைப் போலவே அவருக்கும் சிறு வயதிலேயே திருமணம் ஆயிற்று. ஆனால், இளம் வயதிலேயே கணவரை இழந்துவிட்டார். கையில் ஒரு மகன். அவரோடு மாமியாரையும் கவனித்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு.

அந்த நாளில் கணவரை இழந்த பெண்களின் நிலைமை மிகவும் கடினம் குழந்தைகளே. நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது, நல்ல நிறத்தில் புடவை கட்டக்கூடாது என்று ஆயிரம் கட்டுப்பாடுகள். வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் வாழ்க்கை முடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள்.

ஆனால் மீனாட்சி அம்மாளின் கையில் ஒரு வித்தை இருந்தது. அவர் வைத்த குழம்பும் ரசமும், போட்ட ஊறுகாயும் அத்தனை ருசி! உறவினர் வீட்டுப் பெண்கள் சமையலில் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பார்கள். அவரும் சலிக்காமல் பதில் சொல்வார்.

அவருடைய உறவினர்களில் கே.வி.கிருஷ்ணசாமி ஐயர் என்பவர் இருந்தார். சென்னையில் பெரிய வழக்கறிஞர். மியூசிக் அகாதெமியின் தலைவராகவும் இருந்தவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதிவிடலாமே என்று அவர் யோசனை சொன்னார்.

யோசனை நல்லதுதான். ஆனால் எழுதுவது சுலபமா என்ன?

நீங்களே ஒரு நாள் சமையலறையில் நின்று பாருங்கள். பாட்டி உப்புப் போடும்போது கரண்டி எடுப்பதில்லை. கையை ஜாடிக்குள் விடுவார், எடுப்பார், போடுவார். சரியாக இருக்கும்! ஒரு சிட்டிகை பெருங்காயம், ஒரு கைப்பிடி பருப்பு, எலுமிச்சம்பழ அளவு புளி என்பார். பாட்டியின் கைப்பிடியும் உங்கள் கைப்பிடியும் ஒன்றா? இல்லையே! எலுமிச்சம்பழத்திலும் சின்னது உண்டு, பெரியது உண்டு.

அனுபவம் உள்ளவர்களுக்கு இது போதும். அடுப்பையே பற்றவைக்கத் தெரியாதவர்களுக்கு இது போதாது. பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எதை முதலில் வறுக்க வேண்டும், எந்தப் பக்குவத்தில் இறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மீனாட்சி அம்மாள் அப்படித்தான் எழுதினார். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், பலகாரம், ஊறுகாய், வடாம் என்று சைவச் சமையலில் எதையும் விடவில்லை. பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பதுபோல எளிமையான நடை.

1951-ஆம் ஆண்டு "சமைத்துப் பார்" முதல் பாகம் வெளிவந்தது. அப்போது மீனாட்சி அம்மாளுக்கு வயது சுமார் 46. பெரிய பதிப்பகம் எதுவும் பின்னால் இல்லை. தானே முன்னின்று வெளியிட்டார். புத்தகம் விற்காமல் போனால் நஷ்டம் முழுவதும் அவர் தலையில்தான் விழும். குடும்பப் பொறுப்பைச் சுமந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய துணிச்சல்!

இதே போன்ற ஒரு கதை அமெரிக்காவிலும் உண்டு. பாஸ்டன் நகரில் ஃபானி ஃபார்மர் என்ற பெண்மணி 1896-இல் ஒரு சமையல் புத்தகம் எழுதினார். கரண்டியையும் கோப்பையையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். புத்தகம் விற்குமா என்று பதிப்பகத்துக்குச் சந்தேகம். அச்சுச் செலவை ஃபானியே ஏற்க வேண்டியிருந்தது. முதலில் அச்சிட்டது 3,000 பிரதிகள்தான். பிறகோ அது லட்சக்கணக்கில் விற்றது!

"சமைத்துப் பார்" புத்தகத்துக்கும் நல்ல வரவேற்பு கிடைத்தது. அடுத்தடுத்த பாகங்களும் வந்தன. ஏன் தெரியுமா? சரியான நேரத்தில் வந்த புத்தகம் அது.

அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் கூட்டுக் குடும்பம். சமையலறையில் அம்மா, மாமியார், அத்தை, பாட்டி என்று யாராவது இருப்பார்கள். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு வேலைக்காகப் பம்பாய், டில்லி, கல்கத்தா என்று பல குடும்பங்கள் கிளம்பின. புதிதாகக் கல்யாணமான பெண், மொழி தெரியாத ஊரில், தனியாக அடுப்பின் முன் நிற்பாள். வீட்டில் போன் இருப்பதே அபூர்வம். அம்மாவுக்குக் கடிதம் போட்டுப் பதில் வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும். அன்றைய சாப்பாட்டுக்கு என்ன வழி?

அப்படிப்பட்ட பெண்களுக்கு அம்மாவின் இடத்தில் இருந்தது இந்தப் புத்தகம். கல்யாணப் பரிசாகவே இதைக் கொடுக்கும் வழக்கம் வந்தது. கப்பலிலும் விமானத்திலும் வெளிநாடு போனவர்களின் பெட்டிக்குள்ளும் இது போயிற்று. ஒரு வீட்டில் வாங்கிய புத்தகம் பக்கத்து வீட்டுக்குப் போகும். ஒருத்தி மைசூர்பாகு செய்து பார்த்து, அடுத்தவளுக்குப் பக்குவம் சொல்வாள். பக்கங்களில் எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் படிந்த புத்தகங்கள் இன்றும் பல வீடுகளில் உண்டு.

அந்தப் பழைய பதிப்புகளைப் புரட்டினால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கிராம், லிட்டர் என்று இருக்காது. ஆழாக்கு, படி, பலம் என்று இருக்கும். 8 ஆழாக்கு சேர்ந்தால் 1 படி. 1 பலம் என்பது சுமார் 35 கிராம். 40 பலம் சேர்ந்தால் 1 வீசை, அதாவது ஏறக்குறைய 1,400 கிராம். படியின் அளவோ ஊருக்கு ஊர் மாறும்! இந்தக் குழப்பத்தை நீக்கத்தான் 1956-இல் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் நம் நாட்டில் வந்தது. பிறகு சமையல் குறிப்புகளும் புதிய அளவுக்கு மாறின.

மீனாட்சி அம்மாள் 1962-ஆம் ஆண்டு காலமானார். முதல் பாகம் வெளிவந்து 11 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆனால் புத்தகம் நிற்கவில்லை. அவருடைய குடும்பத்தார் தொடர்ந்து வெளியிட்டார்கள். ஆங்கிலம், இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளிலும் வந்தது.

புத்தகத்தின் பெயரைக் கவனித்தீர்களா? சமைத்துப் பார்! படித்துவிட்டு மூடி வைக்காதே, நீயே செய்து பார் என்று அது நம்மை அழைக்கிறது. முதல் முறை உப்புக் கூடலாம், அடி பிடிக்கலாம். பரவாயில்லை. அடுத்த முறை சரியாகிவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. மீனாட்சி அம்மாள் எழுதியது அவருக்குத் தெரிந்த ஒரு வகை வீட்டுச் சமையலை. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே எத்தனை வகை! பழவேற்காட்டு மீனவர் வீட்டு நண்டுக் குழம்பு வேறு, வயல் வேலைக்குப் போகும் வீட்டுக் கேழ்வரகுக் கூழ் வேறு, ஆந்திர எல்லை ஓரத்து வீடுகளின் காரத் துவையல் வேறு. இவற்றில் பல இன்னும் பாட்டிகளின் கையில் மட்டும்தான் இருக்கின்றன. எழுதி வைக்காவிட்டால் அந்தக் கைகளோடு போய்விடும்.

ஆகவே குழந்தைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியோ அம்மாவோ அப்பாவோ சமைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் கையில் அள்ளியதைப் போடுவதற்கு முன் ஒரு ஸ்பூனிலோ டம்ளரிலோ அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுப்புப் பக்கம் போகும்போது பெரியவர்கள் துணை கட்டாயம் வேண்டும். பிறகு அந்தக் குறிப்பை உங்கள் நண்பரிடம் கொடுத்து, அவர் வீட்டில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதே ருசி வந்ததா? வந்திருந்தால், உங்கள் பாட்டியின் கை அளவுக்கு நீங்கள் கணக்குச் சொல்லிவிட்டீர்கள்!