ஸ்பேம் மெயிலைத் தடுக்க 1975-லேயே வழி சொன்னவர்: யார் இந்த ஜான் போஸ்டல்?

உங்கள் மெயிலில் ஸ்பேம் ஃபோல்டரைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? லோன் ஆஃபர், லாட்டரிப் பரிசு, யாரென்றே தெரியாத கம்பெனியின் தள்ளுபடி அறிவிப்பு என்று வரிசையாக நிற்கும். சில நேரம் அவற்றுக்கு நடுவே ஒரு இன்டர்வியூ அழைப்பும் மாட்டிக்கொண்டு கிடக்கும். நாம் பார்ப்பதற்குள் தேதி முடிந்திருக்கும்.

எந்த மெயிலை உள்ளே விடுவது, எதை வாசலிலேயே நிறுத்துவது? இதை முடிவு செய்வது யார்? இன்று பெரிய நிறுவனங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் இந்தக் கேள்வியை 1975-லேயே எழுதி வைத்தவர் ஜான் போஸ்டல். பெயரிலேயே போஸ்ட் இருக்கும் இந்த மனிதர்தான், இன்று உலகமே பயன்படுத்தும் மெயில் அனுப்பும் முறையையும் எழுதியவர். கடிதத்துக்குக் கதவைத் திறந்தவரும் அவரே, கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று சொன்னவரும் அவரே.

யார் இவர்?

1943 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள ஆல்டடீனாவில் பிறந்தார் போஸ்டல். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் உள்ள வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். இணையத்தின் தந்தைகளில் ஒருவராகச் சொல்லப்படும் விண்ட் செர்ஃபும், ஆரம்பகால நெட்வொர்க் விதிகளை எழுதிய ஸ்டீவ் கிராக்கரும் அதே பள்ளியில் படித்தவர்கள்தான். பிறகு மூன்று பேருமே லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், அதாவது யு.சி.எல்.ஏ.வில், ஒரே ஆய்வுக்குழுவில் வேலை பார்த்தார்கள்.

அங்கே பேராசிரியர் லெனார்ட் கிளைன்ராக் நடத்திய ஆய்வகத்தின் பெயரே நெட்வொர்க் அளவீட்டு மையம். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் முதல் இணைப்பு 1969-ல் இங்கேதான் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று முதல் செய்தி இங்கிருந்துதான் போனது.

டிராஃபிக்கை அளப்பதுதான் இந்தக் குழுவின் முக்கிய வேலை. எவ்வளவு தரவு போகிறது, எங்கே நெரிசல் ஆகிறது, எவ்வளவு தாமதம் ஆகிறது என்று கணக்கெடுப்பார்கள். வேண்டுமென்றே நெட்வொர்க்கில் சுமையை ஏற்றி, எங்கே உடைகிறது என்றும் பார்ப்பார்கள். போஸ்டல் தொழில் பழகியது இந்த இடத்தில். ஒரு நெட்வொர்க் எப்படியெல்லாம் திணறும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

1975-ல் என்ன சொன்னார்?

அந்தக் காலத்தில் நெட்வொர்க் பற்றிய யோசனைகளை ஆர்.எஃப்.சி. என்ற பெயரில் எண் போட்டு வெளியிடுவார்கள். கருத்து சொல்லுங்கள் என்று கேட்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். 1975 நவம்பரில் போஸ்டல் எழுதியது 706-வது குறிப்பு. தலைப்பிலேயே குப்பைத் தபால் பிரச்சினை இருக்கிறது. டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம், அவ்வளவு சின்னது.

பிரச்சினை இதுதான். அர்பாநெட்டில் ஒரு கம்ப்யூட்டருக்கு எது வந்தாலும் அதை வாங்கித்தான் ஆக வேண்டும். இன்னாரிடமிருந்து வருவது வேண்டாம் என்று மறுக்க வழியே இல்லை. எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் பழுதாகி விடாமல் செய்திகளைக் கொட்டினால், வாங்குகிற கம்ப்யூட்டரின் நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். அதை நம்பியிருக்கும் பயனாளர்களுக்கு வேலை நடக்காது. இங்கே அவர் பேசியது நாம் டைப் செய்யும் மெயிலை மட்டுமல்ல, கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே போகும் எல்லாச் செய்திகளையும். ஆனால் சிக்கல் ஒன்றேதான்.

அதற்கு அவர் சொன்ன வழியில் நான்கு விஷயங்கள் இருந்தன. ஒன்று, மறுக்கும் உரிமை வாங்குகிறவருக்கு வேண்டும். இரண்டு, ஒவ்வொரு இடத்திலிருந்தும் குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை வேண்டாத செய்திகள் வருகின்றன என்று எண்ணி, ஒரு அளவைத் தாண்டினால் மட்டும் மறுக்கலாம். மூன்று, குப்பையை வாங்குகிறவரின் வாசல் வரை சுமந்து வராமல், முடிந்தவரை புறப்படும் இடத்திலேயே நெட்வொர்க் நிறுத்திவிடலாம். நான்கு, நிறுத்தியதை அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கவனித்தீர்களா? இதில் எங்குமே கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் வேலை இல்லை. எண்ணிக்கை மட்டும் போதும். சத்தமில்லாமல் தொலைத்துவிடுவதும் இல்லை. மறுத்தால் மறுத்தேன் என்று சொல்லிவிட வேண்டும்.

இரண்டரை ஆண்டு கழித்து, 1978 மே மாதம், டி.இ.சி. என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தின் மார்க்கெட்டிங் ஆள் ஒருவர் அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். உலகின் முதல் ஸ்பேம் மெயில் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். போஸ்டலின் குறிப்பு அதற்கு முன்பே தயாராக இருந்தது. யாரும் அவசரம் காட்டவில்லை. எல்லோரும் எல்லோரையும் தெரிந்துவைத்திருந்த சின்ன ஊர் அது. ஊரில் கதவைப் பூட்டும் பழக்கம் இல்லை.

அப்புறம் ஏன் பூட்டில்லாத மெயில்?

1977 முதல் போஸ்டல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் வேலை பார்த்தார். கடைசி வரை அங்கேதான். இன்றைய இணையத்தின் அடித்தளமான ஐ.பி., டி.சி.பி. ஆகியவற்றின் 1981-ம் ஆண்டு விதிமுறைகளைத் தொகுத்து வெளியிட்டவர் அவர். 1982 ஆகஸ்டில், மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்.எம்.டி.பி.யை 821-வது குறிப்பாக எழுதினார்.

அந்த எஸ்.எம்.டி.பி.யில் அனுப்புகிறவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. நான் இன்னார் என்று சொன்னால் நம்பிக்கொள்ளும். ஒருவரின் மெயிலை இன்னொருவரின் சர்வர் வாங்கி அடுத்த ஊருக்குக் கடத்திவிடவும் செய்யும். பக்கத்து வீட்டுத் தபாலைக் கொண்டுபோய்க் கொடுப்பது மாதிரி ஒரு உதவி.

இதற்குப் பின்னால் போஸ்டலின் பெயராலேயே அழைக்கப்படும் ஒரு கொள்கை இருக்கிறது. அனுப்புகிறவர் விதியிலிருந்து இம்மியும் பிசகக் கூடாது. வாங்குகிறவரோ சின்னச் சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வேலையை முடித்துத் தர வேண்டும். வெவ்வேறு கம்பெனிகள் செய்த, ஒன்றோடொன்று ஒட்டாத கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்ததற்கு இந்தப் பெருந்தன்மை ஒரு பெரிய காரணம்.

ஆனால் எதையும் பொறுத்துக்கொள்ளும் கதவு திருடனுக்கும் வசதிதான். 1990-களில் இணையம் வியாபாரத்துக்குத் திறந்துவிடப்பட்டதும், யாருடைய சர்வரையும் பயன்படுத்தி யாருக்கும் விளம்பரம் அனுப்பலாம் என்று ஸ்பேமர்கள் கண்டுகொண்டார்கள். இன்றைய பொறியாளர்களில் ஒரு தரப்பு இந்தக் கொள்கையை விமர்சிக்கவும் செய்கிறது. பிழையைப் பொறுத்துக்கொண்டே போனால் பிழையே வழக்கமாகிவிடும் என்பது அவர்கள் வாதம். 2023-ல் வெளியான 9413-வது ஆர்.எஃப்.சி. இதையே விரிவாகப் பேசுகிறது.

மனிதர்களுக்கும் அதே விதி

போஸ்டல் ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆர்.எஃப்.சி.களின் ஆசிரியராகவும் இருந்தார். வருகிற ஒவ்வொரு குறிப்பையும் படித்து, குழப்பம் இருந்தால் திருப்பி அனுப்பி, எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கக்கூடிய வெறும் எழுத்து வடிவில்தான் வெளியிடுவார்.

அப்படி அவர் காலத்தில் 1995 அக்டோபரில் வெளியானது 1855-வது குறிப்பு. எழுதியவர் சாலி ஹேம்பிரிட்ஜ். விஷயம், இணையத்தில் நடந்துகொள்ளும் பண்பு. அப்போது மெயிலிங் லிஸ்ட் பிரபலம். ஒரு முகவரிக்கு அனுப்பினால் உறுப்பினர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும். இன்றைய வாட்ஸ்அப் குரூப்புக்கு முன்னோடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தால் ஓரிரு மாதம் சும்மா படியுங்கள், பிறகு எழுதுங்கள் என்றது அந்தக் குறிப்பு. முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது மாதிரி இருக்கும், சங்கிலிக் கடிதங்களை அனுப்பாதீர்கள் என்றது. யாராவது சீண்டினாலும் சூடாகப் பதில் எழுத வேண்டாம் என்று சொல்லும்போது, போஸ்டலின் அதே கொள்கையை அங்கே கொண்டுவந்து வைத்தது. எழுதும்போது கட்டுப்பாடு, படிக்கும்போது பொறுமை. கம்ப்யூட்டர்களுக்காக எழுதிய விதி மனிதர்களுக்கும் பொருந்திவிட்டது.

எண்களின் காவலர்

போஸ்டலின் இன்னொரு வேலை எண்களைப் பங்கிடுவது. 1972-ல் எந்தச் சேவைக்கு எந்த எண் என்று ஒரே இடத்தில் குறித்துவைக்க ஒருவர் வேண்டும் என்று எழுதி, அது தானாக இருக்கலாமா என்று ஒரு கேள்விக்குறியும் போட்டார். யாரும் மறுக்கவில்லை. மெயிலுக்கு 25, டொமைன் பெயர்களுக்கு 53 என்று ஐ.டி. துறையினருக்கு மனப்பாடமான போர்ட் எண்கள் எல்லாம் அந்தப் பட்டியலைச் சேர்ந்தவை. இந்த வேலைக்குப் பின்னாளில் ஐயானா என்று பெயர் வந்தது. பெயர் பெரிதாக இருந்தாலும், பல ஆண்டுகள் அது போஸ்டலும் அவருடைய சக ஊழியர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும்தான்.

நாடுகளுக்கான டொமைன்களைப் பங்கிட்டதும் அவர் பொறுப்பில்தான். 1989-ல் இந்தியாவுக்கு டாட் இன் கிடைத்தது. எது நாடு, எது நாடு இல்லை என்ற சண்டைக்குள் அவர் போகவில்லை. சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. ஏற்கெனவே வைத்திருந்த நாட்டுக் குறியீட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டார். டொமைனை நிர்வகிப்பவர்கள் உரிமையைப் பற்றி அல்ல, பொறுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பது 1994-ல் அவர் எழுதிய குறிப்பின் சாரம்.

நீண்ட தாடி, காலில் செருப்பு, நேரம் கிடைத்தால் மலையேற்றம். கையில் அரசு முத்திரையும் கிடையாது, அவரைத் தேர்ந்தெடுத்த தேர்தலும் கிடையாது. ஆனாலும் அவர் சொன்னால் உலகம் முழுக்க நெட்வொர்க் நடத்துபவர்கள் கேட்டார்கள்.

ஒரு மெயில், எட்டு சர்வர்கள்

அது எவ்வளவு தூரம் என்பது 1998 ஜனவரி 28 அன்று தெரிந்தது. இணையத்தின் எல்லாப் பெயர்களுக்கும் மூலமான பட்டியலை ரூட் சர்வர்கள் வைத்திருக்கும். அதன் மூலப் பிரதி, அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1995 முதல் டொமைனுக்கு ஆண்டுக்கு 50 டாலர் என்று அந்த நிறுவனம் கட்டணம் வாங்கியதால், கட்டுப்பாடு யாரிடம் இருக்க வேண்டும் என்ற சண்டை உச்சத்தில் இருந்த நேரம்.

அன்று போஸ்டல், அரசுக் கட்டுப்பாட்டில் இல்லாத எட்டு ரூட் சர்வர்களை நடத்துபவர்களுக்கு மெயில் அனுப்பினார். இனி பட்டியலை அந்த நிறுவனத்திடமிருந்து எடுக்க வேண்டாம், ஐயானாவின் சர்வரிலிருந்து எடுங்கள் என்பதுதான் விஷயம். எட்டு பேரும் செய்தார்கள். இணையத்தைப் பயன்படுத்திய யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் அமெரிக்க அரசு அதிர்ந்தது. அதிபர் கிளின்டனின் ஆலோசகர் ஐரா மகசைனர் தலையிட்டார். இது ஒரு சோதனை மட்டுமே என்றார் போஸ்டல். சில நாட்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது.

அந்தச் செப்டம்பர் இறுதியில், இந்தப் பொறுப்புகளை ஏற்பதற்காக ஐகான் என்ற அமைப்பு பதிவானது. அது வேலையைத் தொடங்கும் முன்பே, அக்டோபர் 16 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் போஸ்டல் இறந்தார். வயது 55. அவருக்கான அஞ்சலியை விண்ட் செர்ஃப் எழுதினார். அதுவும் ஒரு ஆர்.எஃப்.சி.யாகவே வெளியானது, எண் 2468.

இன்று நமக்கு என்ன?

ஸ்பேம் அனுப்பும் ஐ.பி. முகவரிகளின் கறுப்புப் பட்டியலை 1997-ல் பால் விக்ஸி உள்ளிட்டோர் தொடங்கினார்கள். விரும்பும் நெட்வொர்க்குகள் அதைப் பார்த்து மெயிலை மறுக்கலாம். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள், தங்கள் மேல் வரும் ஸ்பேம் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்கிறது கூகுள். எண்ணிப் பார், அளவு தாண்டினால் மறுத்துவிடு என்ற 1975-ம் ஆண்டு யோசனையின் தொடர்ச்சிதான் இதெல்லாம்.

விடுபட்டுப் போனது மற்ற பாதி. போஸ்டலின் திட்டத்தில் மறுக்கும் முடிவு வாங்குகிறவருடையது. இன்று பெரும்பாலும் அதை நமக்காக நிறுவனத்தின் ஃபில்டர் எடுக்கிறது. அவர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கச் சொன்னார். இன்றைய ஃபில்டர்கள் உள்ளடக்கத்தையும் அலசுகின்றன. மறுத்தால் அனுப்பியவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றார். ஸ்பேம் ஃபோல்டரில் விழுந்த மெயிலைப் பற்றி அனுப்பியவருக்கும் தகவல் இல்லை, பெறுகிறவருக்கும் நோட்டிஃபிகேஷன் இல்லை. வேலைக்கு விண்ணப்பித்தவர் பதில் வரவில்லை என்று காத்திருப்பார். அனுப்பிய கம்பெனி, ஆளுக்கு ஆர்வமில்லை என்று அடுத்த பெயருக்குப் போய்விடும்.

தடுப்பது தவறில்லை. தடுக்காவிட்டால் மெயிலே செத்துப்போயிருக்கும். ஆனால் தடுக்கிறவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதையும் சேர்த்துத்தான் போஸ்டல் எழுதினார். அவர் சொல்லுக்கு எட்டு பேர் கட்டுப்பட்டதும் அதனால்தான். 30 ஆண்டுகளாக என்ன செய்தாலும் எண் போட்டு, எல்லோரும் படிக்கும் இடத்தில் வைத்து, கருத்து கேட்டவர் அவர்.