53 வயசுல பெட்டியைத் தூக்கிட்டு டோக்கியோ போன கராத்தே மாஸ்டர்!

ஜிம்முக்குப் பணம் கட்டிட்டு மூணாவது வாரமே நிறுத்தின ஆளா நீங்க? அப்போ கிச்சின் ஃபுனகோஷியோட கதை உங்களுக்குத்தான். இன்னிக்கு உங்க ஏரியா பசங்க வெள்ளை டிரஸ்ல கராத்தே கிளாஸ் போறாங்கன்னா, அதுக்கு முக்கியமான காரணம் இவர்.

1868-ல் ஒகினாவா தீவில் இருக்கும் ஷுரியில் பிறந்தவர். குறைமாசக் குழந்தை. ரொம்ப நாள் தாங்காதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ஸ்கூல்ல கூடப் படிச்ச பையனோட அப்பா அசாத்தோ, பெரிய கராத்தே மாஸ்டர். அப்போ கராத்தேயை ரகசியமாத்தான் சொல்லிக் கொடுப்பாங்க. அதனால ராத்திரியில நடந்தே அவர் வீட்டுக்குப் போய், முற்றத்துல பயிற்சி எடுத்தார் ஃபுனகோஷி.

பயிற்சின்னா, ஒரே 'கட்டா'வைத் திரும்பத் திரும்பச் செய்யணும். மாஸ்டருக்குத் திருப்தி வர்ற வரைக்கும் அடுத்த கட்டாவுக்குப் போக முடியாது. மாசக்கணக்குல இப்படியே ஓடும். சலிப்பாத்தான் இருந்தது. ஆனா, நோஞ்சான் உடம்பு கொஞ்சம் கொஞ்சமா தேறிடுச்சு.

பிழைப்புக்கு வாத்தியார் வேலை. அதையே 30 வருஷத்துக்கு மேல பார்த்தார். 1922-ல் டோக்கியோவில் நடந்த உடற்பயிற்சிக் கண்காட்சியில கராத்தே செஞ்சு காட்டப் போனப்போ அவருக்கு வயசு 53. போனவர் அங்கேயே தங்கிட்டார். மனைவி ஊர்லயே இருந்தாங்க. ஒகினாவா மாணவர்கள் விடுதியில ஒரு சின்ன ரூம். பகல்ல அந்த விடுதியைப் பெருக்கி, தோட்டத்தைப் பார்த்துக்குவார். சாயங்காலம் அங்கேயே கராத்தே கிளாஸ்!

மெதுவா பல்கலைக்கழகங்கள்ல கராத்தே பரவிச்சு. 70 வயசை ஒட்டித்தான் 'ஷோட்டோகான்'ங்கிற சொந்தப் பயிற்சிக்கூடம் அமைஞ்சது. 1945-ல் குண்டுவீச்சுல அது அழிஞ்சது. அதே வருஷம், கூடவே நின்னு கராத்தே சொல்லிக்கொடுத்த மகன் இறந்துட்டார். 1947-ல் மனைவியும் போயிட்டாங்க.

80-ஐ நெருங்குற வயசு. மூலையில உட்கார்ந்திருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா அவர் திரும்பவும் டோக்கியோ வந்து, இளைஞர்களுக்குக் கத்துக்கொடுத்தார். அளவான சாப்பாடு, நடை, தினமும் கட்டா... சின்ன வயசுல பழகினதை விடவே இல்லை. 1957-ல் இறந்தப்போ வயசு 88. ரொம்ப நாள் தாங்காதுன்னு சொன்ன அதே குழந்தைதான்!

நீங்க கராத்தேதான் கத்துக்கணும்னு இல்லை. சிலம்பமோ, யோகாவோ, நடையோ... ஒண்ணை எடுங்க. வீட்டுல அப்பா, அம்மாவையும் சேர்த்துக்கோங்க. அவங்களுக்கு மூட்டு வலி, பி.பி இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க. மூணாவது வாரம் சலிப்பு வரும். அன்னிக்கு மட்டும் அந்த அசாத்தோ வீட்டு முற்றத்தை நினைச்சுக்கோங்க... நாலாவது வாரம் தானா வந்துடும்.