ஜொகன்னா வெஸ்டர்டைக்

ஜொகன்னா வெஸ்டர்டைக் (ஜனவரி 4, 1883 - நவம்பர் 15, 1961) நெதர்லாந்தைச் சேர்ந்த தாவர நோயியல் அறிஞர் ஆவார். அந்நாட்டின் முதல் பெண் பேராசிரியர் இவரே. ஐரோப்பிய நகரங்களின் சாலையோர எல்ம் மரங்களை அழித்த நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை என்பது, இவரது ஆய்வகத்தில் இவரிடம் பயின்ற பெண்களால் கண்டறியப்பட்டது. உலகின் மிகப்பெரும் பூஞ்சைச் சேகரிப்புகளுள் ஒன்றை உருவாக்கியவராகவும் இவர் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

வெஸ்டர்டைக் ஆம்ஸ்டர்டாம் நகரை அடுத்த நியூவர்-ஆம்ஸ்டெல் என்னும் ஊரில் பிறந்தார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஹூகோ டி விரீசிடம் தாவரவியல் பயின்றார். பெண்கள் பள்ளியில் படித்திருந்தமையால் அங்கு முனைவர் பட்டம் பெறுவதற்கான தகுதிச் சான்று இவரிடம் இருக்கவில்லை. எனவே மியூனிக் நகரிலும் பின்னர் சூரிச் நகரிலும் கல்வியைத் தொடர்ந்தார். பாசித் தாவரங்களின் மீள்வளர்ச்சி பற்றிய ஆய்வுக்காக 1906 இல் சூரிச் பல்கலைக்கழகம் இவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

ஆய்வகப் பணி

அதே ஆண்டில், தமது 23 ஆவது வயதில், ஆம்ஸ்டர்டாமில் இருந்த வில்லி கொம்மலின் ஸ்கோல்டன் தாவர நோயியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். 1907 இல் ஏறத்தாழ 80 பூஞ்சை வளர்ப்புகளைக் கொண்ட சிறிய சேகரிப்பு ஒன்று இவரது பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. இவர் காலத்தில் அது பல்லாயிரம் வளர்ப்புகளைக் கொண்டதாக வளர்ந்தது. 1913 இல் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் பயணம் செய்து, ஜாவா, சுமத்திரா ஆகிய தீவுகளின் பயிர் நோய்களை ஆராய்ந்தார். முதலாம் உலகப் போர் மூண்டதால் ஜப்பான், அமெரிக்கா வழியாக நாடு திரும்பினார்.

1917 இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். 1930 இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகமும் இவரைப் பேராசிரியராக்கியது. ஆய்வகமும் பூஞ்சைச் சேகரிப்பும் 1920களின் தொடக்கத்தில் பார்ன் என்னும் ஊருக்கு இடம் மாறின.

எல்ம் மர நோய்

எல்ம் மரங்கள் நெதர்லாந்தின் கால்வாய்க் கரைகளிலும் சாலைகளிலும் நிழலுக்காகப் பெருமளவில் நடப்பட்டவை. 1919 அளவில் இம்மரங்கள் திடீரெனப் பட்டுப்போகத் தொடங்கின. வறட்சி, போரில் பயன்பட்ட நச்சு வளிமங்கள், பாக்டீரியா எனப் பலவாறு காரணம் கூறப்பட்டது.

நோயின் அறிகுறிகள் கோடையில் தெளிவாகத் தெரியும். முதலில் ஏதேனும் ஒரு கிளையின் இலைகள் மட்டும் வாடிச் சுருண்டு, மஞ்சளாகிப் பழுப்பு நிறம் அடைகின்றன. இளங்கிளைகளின் நுனி கொக்கி போலக் கீழ்நோக்கி வளைகிறது. ஆனால் இலை வாடுதலுக்கு வறட்சி உட்பட வேறு காரணங்களும் உண்டு. எனவே கிளையின் பட்டையை உரித்துப் பார்ப்பது அவசியம். நோயுற்ற கிளையின் மரப்பகுதியில் நீளவாக்கில் பழுப்புக் கோடுகள் காணப்படும். குறுக்கே வெட்டினால் அவை வளையமாக அமைந்த புள்ளிகளாகத் தெரியும். பூஞ்சை நுழைந்த நீர்க்குழாய்கள் அடைபட்டுப்போவதன் அடையாளம் இது. நீர் மேலேறாததால் மரம் வாடுகிறது.

எனினும் இக்கோடுகள் எதனால் தோன்றுகின்றன என்பதைக் கண்ணால் கண்டு கூற இயலாது. வெஸ்டர்டைக்கின் மாணவி பியா ஷ்வார்ஸ், நோயுற்ற கிளைகளிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்து வளர்த்து, அதுவே நோய்க் காரணி என 1922 இல் தமது முனைவர் பட்ட ஆய்வில் அறிவித்தார். இம்முடிவைப் பிற நாட்டு ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை. மற்றொரு மாணவியான கிறிஸ்டின் பூய்ஸ்மன், உரிய பருவத்தில் நலமான மரங்களில் பூஞ்சையைச் செலுத்தி அதே அறிகுறிகளைத் தோற்றுவித்தார். 1927 இல் வெளிவந்த இம்முடிவு ஐயத்தைப் போக்கியது. பூஞ்சையின் பாலினப் பெருக்க நிலையையும் அவர் 1932 இல் விவரித்தார்.

பூஞ்சையைப் பரப்புவது எல்ம் பட்டை வண்டு என்பது பின்னர் உறுதியானது. நலிந்த அல்லது இறந்த மரத்தின் பட்டையடியில் இவ்வண்டு முட்டையிடுகிறது. அங்கு ஒரு நடுப்பள்ளமும் அதிலிருந்து பிரியும் புழுக்களின் கிளைப்பள்ளங்களும் காணப்படும். வெளிவரும் வண்டுகள் பூஞ்சை வித்துகளைச் சுமந்து சென்று நலமான மரங்களின் இளங்கிளைக் கவட்டில் உண்கின்றன. அருகருகே நிற்கும் மரங்களின் இணைந்த வேர்கள் வழியாகவும் நோய் பரவுகிறது. ஆகவே நோயுற்ற மரத்தை விரைவில் வெட்டி அகற்றுவதே அயல் மரங்களைக் காக்கும் முதன்மை வழியாகும்.

இந்நோய் நெதர்லாந்தில் தோன்றியது அன்று. காரணம் அங்கு கண்டறியப்பட்டதாலேயே டச்சு எல்ம் நோய் என்னும் பெயர் ஏற்பட்டது.

நோய் எதிர்ப்பு மரங்கள்

நோயைத் தாங்கும் எல்ம் மரங்களைத் தெரிவு செய்யும் பணியைப் பூய்ஸ்மன் தொடங்கினார். அவர் 1936 இல் காலமானார். அவ்வாறு தெரிவு செய்யப்பட்ட ஒரு மரவகைக்கு அவர் பெயர் இடப்பட்டது. அது எல்ம் நோயைத் தாங்கினாலும், கிளைகளைக் கருகச் செய்யும் வேறொரு பூஞ்சைக்கு இலக்கானது. பின்னர் வெளியிடப்பட்ட மற்றொரு வகை ஷ்வார்ஸின் பெயரைப் பெற்றது. 1960களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய கொடிய பூஞ்சை இனம் பிரித்தானியாவில் மட்டும் 2.5 கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களை அழித்தது.

பிற்காலம்

வெஸ்டர்டைக்கின் வழிகாட்டலில் 56 பேர் முனைவர் பட்டம் பெற்றனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். 1932 முதல் 1936 வரை பல்கலைக்கழகப் பெண்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். 1952 இல் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற இவர், 1961 இல் பார்ன் நகரில் காலமானார். இவர் வளர்த்த பூஞ்சைச் சேகரிப்பைப் பேணும் உட்ரெக்ட் நகர நிறுவனத்துக்கு 2017 இல் இவரது பெயர் சூட்டப்பட்டது.