பேகம்பேட்டையில் கனிந்த பொறுமை
(சர் ரொனால்டு ராஸ் வரலாறு)

நம்முள் பெரும்பாலோர் பேகம்பேட்டை வழியே பன்முறை சென்றிருப்போம். அங்கே, பழைய விமான நிலையத்திற்கு அணித்தாக, ராஸ் என்பாரின் பெயர் தாங்கிய பழங்கட்டிடம் ஒன்று உளது. நின்று நோக்கியவர் சிலரே. மலேரியாக் காய்ச்சல் எவ்வாறு பரவுகிறது என்னும் புதிரின் முடிச்சு முதன்முதல் அவிழ்ந்தது இவ்விரட்டை நகரிலேதான். கைப்பேசியில் விரல் வைத்த மாத்திரத்தில் விடை வரவேண்டும் என்று விழைகின்ற நம் இல்லத்துச் சிறார்க்கு, விடை கிட்டாமலே ஈராண்டுக்கு மேல் உழைத்த இம்மனிதரின் கதையைப் பெற்றோர் சொல்லலாம் என்றே இதனை எழுதுகிறேன்.

ராஸ் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இமயச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தையார் படைத்தலைவர். மைந்தருக்கோ கவிதையிலும் ஓவியத்திலும் நாட்டம். தந்தையின் வற்புறுத்தலால் லண்டனில் மருத்துவம் பயின்றார். ஊக்கமின்றிப் பயின்றமையால் தேர்வொன்றில் தவறவும் செய்தார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்த பின்னரும் கவிதை, கணிதம், விளையாட்டு என்றே ஓய்வு கழிந்தது. பொறுமை அவருக்குப் பிறவிக் குணம் அன்று என்பதை இங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

மலேரியாக் கிருமியை லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1880இல் அல்ஜீரியாவில் கண்டறிந்திருந்தார். ராஸ் முதலில் அதனை நம்பவில்லை. 1894இல் லண்டனில் பேட்ரிக் மான்சன் அக்கிருமியை உருப்பெருக்கியில் நேரே காட்டிய பின்னரே தெளிந்தார். கொசுவே அதனைச் சுமக்கிறது என்பது மான்சனின் ஊகம். ஆயினும், கொசு விழுந்து மடிந்த நீரைப் பருகுவதால் நோய் பற்றும் என அவர் எண்ணினார், அது பிழை. பாதி உண்மையும் பாதிப் பிழையுமான இவ்வூகத்தைச் சுமந்துகொண்டு, 1895இல் ராஸ் செகந்தராபாத்தில் 19ஆம் சென்னைக் காலாட்படையின் மருத்துவராக வந்து சேர்ந்தார்.

அன்று தொடங்கியது கொசுவை அறுக்கும் வேலை. நோயாளியைக் கடித்த கொசுவின் உடலை அணுவணுவாக நோக்குதல், ஒன்றும் இல்லை, அடுத்த கொசு. எங்கும் எளிதிற் கிடைக்கும் சாம்பல் நிறக் கொசுவிலும் வரிக்கொசுவிலும் தேடினார். மனிதரைப் பற்றும் அக்கிருமி அவ்வினங்களில் வளர்வதில்லை என்பதை அவர் அறியார். இடையில் வாந்திபேதியை ஒடுக்கப் பெங்களூர் செல்ல நேர்ந்தது. 1897இல் விடுப்பெடுத்து உதகை சென்றவர், மசினகுடிப் பக்கம் இறங்கும் சீகூர் மலைப்பாதையில் தாமே மலேரியாவுக்கு ஆளானார்.

உடல் தேறித் திரும்பிய ஆண்டின் ஆகஸ்டுத் திங்கள் கடும் புழுக்கம். பங்கா இழுத்தால் கொசுக்கள் பறந்துபோகும். ஆதலின் காற்றின்றியே அமர்ந்தார். நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் வழிந்த வியர்வையில் உருப்பெருக்கியின் திருகாணிகள் துருவேறின. எஞ்சியிருந்த ஒரே கண்ணாடிவில்லையும் விரிசல் கண்டிருந்தது. அந்நாளில் உதவியாளர் கொணர்ந்த புழுக்களிலிருந்து, அதுவரை அவர் ஆராயாத பழுப்புநிறக் கொசுக்கள் சில வெளிவந்தன. 16ஆம் நாள், உசேன் கான் என்னும் நோயாளி வலைக்குள் படுத்து அவற்றுக்குத் தம் குருதியைக் கொடுத்தார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி!

நாள்தோறும் சில கொசுக்கள் மடிந்தன, சில அறுபட்டன. 20ஆம் நாள் எஞ்சியவை மிகச் சிலவே. அன்று அறுத்த ஒரு கொசுவில், குடலின் எப்பகுதியையும் விடாது பார்த்து வந்தார். முன்பு ஆயிரம் முறை வெறுமையே காட்டிய இரைப்பைச் சுவரில் வட்டமான சில அணுக்கள் தென்பட்டன. அவற்றினுள்ளே, மலேரியாக் கிருமிக்கே உரிய கரும்பொடி! மறுநாள் மற்றொரு கொசுவை அறுத்தார். அவ்வணுக்கள் முன்னிலும் பெரிதாய் இருந்தன. கிருமி கொசுவுக்குள் உயிரோடு வளர்கிறது என்பதற்கு இது சான்றாயிற்று. சோர்வால் ஒரு கொசுவை அறுக்காது எறிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு திடுக்கிடுகிறது.

பரிசாகக் கிடைத்ததோ இடமாற்றம். மலேரியா நோயாளிகள் அரிதான ராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு அனுப்பப்பட்டார். பின்பு 1898இல் கல்கத்தாவில், மனித நோயாளிகள் போதிய அளவு கிட்டாமையால் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் கண்டார். குடிநீரன்று, கொசுக்கடியே வழி என்பது விளங்கிற்று. அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியின் கிராசி குழுவினர் அதனை மனிதரிடத்து மெய்ப்பித்தனர். 1902இல் நோபெல் பரிசு ராஸுக்கு வந்தது. புகழை யாருக்கு அளிப்பது என்பதில் அவரும் கிராசியும் நெடுங்காலம் பூசலிட்டனர். கொசுவிடம் காட்டிய பொறுமையை ராஸ் மனிதரிடம் காட்டினாரல்லர். 1932 செப்டம்பர் 16ஆம் நாள் லண்டனில் மறைந்தார்.

ஆகஸ்டு 20ஆம் நாளை உலகக் கொசு நாள் என்று பல நாடுகளில் கொண்டாடுகின்றனர். நம் பிள்ளைகளுக்கோ அந்நாள் பிறந்த இடம் ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலேயே உள்ளது.