மெக்கானிக்கல் படிச்ச பாபா

ஹோமி பாபான்னா உங்களுக்கு அணுசக்திதானே ஞாபகம் வரும்? அவரும் நம்மள மாதிரி இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்தான்!

1909-இல் மும்பையில் பிறந்தார். பின்னாடி ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலைக்குப் போகட்டும்னு வீட்டில் கேம்பிரிட்ஜுக்கு மெக்கானிக்கல் படிக்க அனுப்பினாங்க. மனசு முழுக்க இயற்பியல். முதலில் ஃபர்ஸ்ட் கிளாஸ் எடு என்பது அப்பாவின் நிபந்தனை. 1930-இல் எடுத்துட்டு, பிடிச்ச பக்கம் திரும்பினார்.

1937-இல் வால்டர் ஹைட்லரோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார். வேகமான எலக்ட்ரான் அணுக்கருவின் பக்கத்தில் வளையும்போது ஃபோட்டானை வெளிவிட்டு ஆற்றலை இழக்கும். ஈயத்தில் 5.6 மில்லிமீட்டர் போனாலே சராசரியா சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அந்த ஃபோட்டான் எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடியாகும். அவையும் அதையே செய்யும். ஒன்று ஆயிரமாகும்!

பேகம்பூரில் நீங்க பஸ்ஸுக்கு நிற்கும்போதும் தலைக்கு மேலே, காற்றில், இதே மழைதான். ஊட்டியில் கிரேப்ஸ்-3 இதை அளக்குது.

1966-இல் விமான விபத்தில் பாபா இறந்தார். பிளேஸ்மென்ட்டா, பிடிச்சதான்னு குழம்புறீங்களா? அவர் முதலில் டிகிரியை முடித்தார். பிடிச்சதை விடவும் இல்லை.